ஆறாம் பாடவேளையில் மயங்கிய மாணவன்: ஓர் அரசுப் பள்ளியின் போதைத் தடுப்பு நிகழ்வு ஆய்வு

இங்கே பதிவாவது, விசைத்தறியை நம்பி வாழும் கொங்குப் பகுதி ஊர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் 2023–24 கல்வியாண்டில் நடந்தது. ஊர், பள்ளி, மாணவர், ஆசிரியர் எவருடைய பெயரும் இதில் இல்லை. மாணவர்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அந்த ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பின் வகுப்பாசிரியை. போதைப்பொருள் எதிர்ப்பு மன்றத்தின் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஆகவே இதில் வரும் தவறுகளில் பல என்னுடையவை. வேறு பள்ளிகளில் இதே நிலையில் நிற்கப்போகும் ஆசிரியர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பின்னணி

பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் உண்டு. பெற்றோரில் பெரும்பாலோர் தறிக்கூடங்களில் வேலை செய்பவர்கள். இரவு முறை வேலை பார்க்கும் வீடுகளில், மாலை பள்ளி விட்டுப் பிள்ளை வீட்டுக்கு வரும் நேரமும் தாயும் தந்தையும் வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றாகவே இருக்கும். வாரக் கூலி வாங்கும் நாளில் கடைத்தெருவில் கூட்டம் கூடுவதும், மதுக்கடைப் பக்கம் அதைவிடப் பெரிய கூட்டம் கூடுவதும் எங்கள் பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே பார்த்து வளரும் காட்சி.

தடுப்புக்கான ஏற்பாடுகள் என்று கேட்டால், கோப்பில் எல்லாமே இருந்தன. 2022 ஆகஸ்டில் தமிழகம் முழுவதும் எடுக்கப்பட்ட போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழியை நாங்களும் எடுத்திருந்தோம். 2023 ஜூன் 26 அன்று, உலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாளில், ஓவியப் போட்டி நடத்திப் பேரணி சென்று அதன் படங்களை மேலிடத்துக்கு அனுப்பியிருந்தோம். மாடிப்படி ஓரத்தில் கறுத்த நுரையீரல், புண் பிடித்த வாய் ஆகியவற்றின் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. ‘புகையிலை இல்லாத வளாகம்’ என்ற பலகை வாயிலில் இருந்தது. மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதிப் போடுவதற்கான ‘மாணவர் மனசு’ பெட்டி தலைமை ஆசிரியர் அறைக்கு நேர் எதிரே தொங்கியது. அந்த இடத்தில் தொங்கியதாலேயே அதில் எவரும் தாள் போடவில்லை என்பது எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது.

இவை அனைத்தும் மாணவரை நோக்கியவை. ஒரு மாணவனிடம் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும், என்ன கேட்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஒரு வரி கூட இல்லை. மன்றப் பொறுப்பை ஏற்றபோது அந்தக் கேள்வி எனக்கும் தோன்றவில்லை.

கண்ணில் பட்டதும் கவனத்தில் படாததும்

முதலில் கண்டவர் எங்கள் தூய்மைப் பணியாளர். ஜூலைக் கடைசியில், மாணவர் கழிப்பறைக்குப் பின்புறமும் வேப்பமரத்தடியிலும் தேயிலைப் பையைப் போன்ற, ஆனால் அதைவிடச் சிறிய வெள்ளைப் பைகள் கிடப்பதாக அவர் ஓர் ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறார். பாக்குப் பொட்டலமாக இருக்கும் என்று அந்தப் பேச்சு அத்துடன் முடிந்துவிட்டது. உண்மையில் அவை உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே அதக்கிக்கொள்ளும் புகையிலைப் பைகள். மாணவர்கள் அதைக் ‘கூல்’ என்பார்கள். புகை வராது, துப்ப வேண்டியதில்லை, புதினா மணத்தைத் தவிர வேறு வாடை எழாது. வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளலாம். பீடி, சிகரெட் வாடையை வைத்தே பிள்ளைகளைக் கண்டுபிடித்துப் பழகிய எங்களுக்கு இது முற்றிலும் புதிது. தமிழ்நாட்டில் புகையிலை கலந்த குட்கா, பான் மசாலா போன்றவற்றின் விற்பனை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. தடை இருப்பதால் பொருள் இல்லை என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

வேறு சில அடையாளங்களும் இருந்தன. இரண்டு மூன்று மாணவர்கள் மதிய உணவின் காரம் தாங்காமல் ஒதுக்கி வைத்தார்கள். பாடவேளைக்கு இடையே தண்ணீர் குடிக்கக் கேட்பவர்கள் கூடியிருந்தார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன், காலை இரண்டாம் பாடவேளைக்குள் நிலைகொள்ளாமல் நெளிந்து, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். ‘வயசு அப்படி’ என்று நான் என் குறிப்பேட்டில்கூட எழுதவில்லை. மனத்துக்குள் சொல்லிக்கொண்டதோடு சரி.

நிகழ்வு

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பில் ஆறாம் பாடவேளை கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் ஒரு மாணவனை எழுப்பி விடை கேட்டார். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் அவன் ஊறியிருந்த சாற்றை விழுங்கிவிட்டான். சில நிமிடங்களில் முகம் வெளுத்து, வியர்த்து, வாந்தி எடுத்து மேசையில் சாய்ந்தான். உடற்கல்வி ஆசிரியர் தம் வண்டியில் அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அது அன்று நாங்கள் செய்த ஒரே சரியான காரியம். நிகோடின் அளவு மீறி உள்ளே போனதன் விளைவு என்று மருத்துவர் கண்டறிந்து, மாலை வரை கண்காணிப்பில் வைத்து அனுப்பினார். அவனுக்கு வயது 14. அன்றுதான் மூன்றாம் முறையாக வைத்துப் பார்த்திருக்கிறான்.

அவன் அங்கே படுத்திருந்த வேளையில், இங்கே நாங்கள் வகுப்பு முழுவதும் புத்தகப் பைகளைச் சோதித்தோம். எல்லார் முன்னிலையிலும், புத்தகங்களைத் தரையில் கொட்டிச் சோதித்தோம். இன்னொரு மாணவனுடைய வடிவியல் பெட்டியில் பதினோரு புகையிலைப் பைகள் இருந்தன. அவனுக்கு 15 வயது. காலையில் நெளிந்துகொண்டிருந்த பையன் அவனே. அவனை அலுவலகத்தில் நிறுத்தி ஆறு ஆசிரியர்கள் மாறி மாறிக் கேட்டோம். “யார் குடுத்தா, சொல்லு” என்பதே எல்லார் கேள்வியும். அவன் சுவரைப் பார்த்தபடி நின்றான். ஓர் ஆசிரியர், மேலிடம் கேட்டால் சான்று வேண்டும் என்ற எண்ணத்தில், மேசையில் பைகளைப் பரப்பி அவனையும் சேர்த்துப் படம் எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். தலைமை ஆசிரியர், மறுநாள் பெற்றோரை அழைத்து டி.சி. கொடுத்துவிடுவது என்று முடிவு சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

அன்று இரவே அந்தப் படம் ஊருக்குள் வந்துவிட்டது. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பதை ஆராய்ந்து பயனில்லை. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

வீட்டுக்குப் போனது

நான்காம் நாள் மாலை உடற்கல்வி ஆசிரியரும் நானும் அவன் வீட்டுக்குப் போனோம். தாய் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தந்தை வீட்டில் இல்லை. இருந்தாலும் பேசும் நிலையில் இருந்திருக்க மாட்டார் என்பது தாயின் பேச்சிலிருந்து விளங்கியது. “ஏனுங்க டீச்சர், தப்புப் பண்ணுனா அடிச்சிருக்கலாமுங்க. படத்தப் புடிச்சு ஊருக்கே காட்டிப்போட்டீங்களே” என்றார். எனக்குப் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அடிப்பது சட்டப்படி கூடாது என்பதை அவரிடம் சொல்லும் தகுதி அந்த நேரத்தில் எங்களுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடியைவிடப் பெரியதை நாங்கள் செய்திருந்தோம்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015, தன் 74-ஆம் பிரிவில் இத்தகைய குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது என்பதை நான் அதற்குப் பின்புதான் படித்தேன். அச்சட்டத்தின் 77-ஆம் பிரிவைப் படித்தபோது நிகழ்வு முழுவதுமே வேறு விதமாகத் தெரிந்தது. 18 வயது நிரம்பாத ஒருவருக்கு மதுவையோ போதைப்பொருளையோ புகையிலைப் பொருளையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்கிறது அது. நாங்கள் ஒரு குற்றவாளியைப் பிடித்ததாக எண்ணிக்கொண்டிருந்தோம். சட்டத்தின் கண்ணில், அலுவலகத்தில் நின்ற அந்தப் பையனே குற்றத்துக்கு ஆளானவன்.

முடிவுகள் மாறிய விதம்

அந்த வீட்டிலிருந்து திரும்பும் வழியில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தேன். இரண்டு நாளில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஓர் ஆற்றுப்படுத்துநர் வந்தார். எங்கள் விவரம் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டபின் அவர் சொன்னது: “எல்லாருமே யார் கொடுத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை நாளாக, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, இல்லாவிட்டால் உடம்பு என்ன செய்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.”

அவர் கேட்டார். அரை மணி நேரத்தில் அவன் சொன்னான். ஏழாம் வகுப்பு விடுமுறையில் தறிக்கூடத்தில் உதவிக்குப் போனபோது, தூக்கம் வராமலிருக்க என்று மூத்த பையன் ஒருவன் கொடுத்தது தொடக்கம். இப்போது நாளுக்கு ஐந்தாறு. பல் துலக்கும் முன்பே ஒன்று. காசு எப்படி என்றால், பள்ளிக்கு அருகிலுள்ள பெட்டிக்கடையில் பத்துப் பைகளைக் கடனாகக் கொடுப்பார்கள். விற்றுக் காசு கட்டினால் இவனுக்கு இரண்டு இலவசம். தன் தேவைக்காகவே அவன் விற்றிருக்கிறான்.

டி.சி. குறித்து அலுவலகத்தில் நடந்த பேச்சு எளிதாக முடியவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, வெளியேற்றத்தைத் தடுக்கிறது; இவன் ஒன்பதாம் வகுப்பு. மற்ற பிள்ளைகளின் நலனையும் தாம் பார்க்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆற்றுப்படுத்துநர் எழுப்பிய வாதம் வேறு: இவனை அனுப்பினால் கடைக்காரர் அடுத்த வாரமே இன்னொரு பையனைப் பிடித்துக்கொள்வார், அந்தப் பையன் யார் என்பதும் உங்களுக்குத் தெரியாது, இவன் நேராகத் தறிக்குப் போய் நாளுக்குப் பத்து வைப்பான். தலைமை ஆசிரியர் ஓர் இரவு யோசித்துவிட்டு மறுநாள் டி.சி. இல்லை என்று அறிவித்தார். தம் முடிவை எல்லார் முன்னிலையிலும் மாற்றிக்கொண்ட அந்தச் செயலுக்காக அவர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அவ்வாறு அவர் செய்யாமல் இருந்திருந்தால் இதற்குப் பின் எழுத எதுவும் இருந்திருக்காது.

ஒன்பது நாள் கழித்து அவன் பள்ளிக்கு வந்தான். வருவதற்கு முந்தைய நாள் வகுப்பில் அவனைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. அன்று நாங்கள் பைகளைக் கொட்டிச் சோதித்தது தவறு என்பதை மட்டும் வகுப்பிடம் சொன்னேன். எதற்காக அதைச் சொல்ல வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் வருத்தப்பட்டார். ஆனால் அதற்கு அடுத்த வாரத்தில்தான் ‘மாணவர் மனசு’ பெட்டியில் முதல் தாள் விழுந்தது. பெட்டியையும் அதற்குள் நூலகத்தின் உட்புறத்துக்கு மாற்றியிருந்தோம்.

கடை

கடை விஷயத்தில் நாங்கள் தேவையில்லாத வாதத்தில் சில நாட்களை இழந்தோம். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். கடைக்காரர், வாயிலிலிருந்து தம் கடை அதைவிடத் தொலைவு என்றார். தொலைவைச் சுற்றுச்சுவரின் வெளி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்பது விதி. உடற்கல்வி ஆசிரியர் ஓட்டப் பந்தய நாடாவை எடுத்துச் சென்று சுவரின் மூலையிலிருந்து அளந்தபோது 70 மீட்டரைக்கூடத் தாண்டவில்லை. பிறகுதான் எங்களுக்கு உறைத்தது: இந்தப் பொருளை எங்கேயுமே விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எந்தப் புகையிலைப் பொருளையும் எத்தனை கிலோமீட்டர் தள்ளியும் விற்கக் கூடாது. அளவு நாடா சிகரெட்டுக்கும் பீடிக்கும்தான் தேவை. உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தோம். ஆசிரியர் ஒருவர் பெயரில் கொடுக்காமல் குழுவின் பெயரில் கொடுத்ததற்குக் காரணம், அந்த ஆசிரியர் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் பேருந்துக்குப் போக வேண்டும் என்பதே. சோதனை நடந்தது, பொருள் சிக்கியது, கடை பூட்டப்பட்டது. மூன்று வாரம் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் வேறொருவர் விற்பதாகத் தாள் வந்தது. மீண்டும் புகார், மீண்டும் சோதனை. இது ஓய்கிற வேலையாக இல்லை.

தாள்கள் சொன்னது

செப்டம்பரில், காலாண்டுத் தேர்வுக்கு முன், எட்டு, ஒன்பது, பதினொன்று வகுப்புகளில் பெயர் இல்லாத கேள்வித்தாள் கொடுத்தோம். கையெழுத்து தெரியாமலிருக்க, வட்டம் போட்டால் போதும் என்ற வகையில் அமைத்தோம். ஆசிரியர் வகுப்புக்கு வெளியே நின்றார். மாணவர் ஒருவரே தாள்களைச் சேர்த்துப் பெட்டியில் போட்டார்.

இரண்டு விஷயங்கள் எங்களைத் திடுக்கிட வைத்தன. புகையிலையைத் தொட்டுப் பார்த்ததாக வட்டமிட்டவர்கள் பத்தில் ஒருவரைவிடச் சற்று அதிகம்; இந்தியா முழுவதும் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் 2019-இல் எடுத்த ஆய்வில், அப்போது புகையிலை பயன்படுத்தி வந்தவர்கள் 8.5 சதவீதம் என்று வந்ததை நினைத்தால் இது வியப்பான அளவு அன்று. ஆனால் ‘உன் வகுப்பில் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள்’ என்ற கேள்விக்குப் பெரும்பாலான தாள்களில் ‘பாதிப் பேர்’ என்ற கட்டமே வட்டமிடப்பட்டிருந்தது. எல்லாரும் வைக்கிறார்கள் என்று நம்புகிற பிள்ளைக்கு, வைக்காமலிருப்பதே தனித்து நிற்பதாகத் தோன்றும். எங்கள் பேரணியும் படங்களும் உறுதிமொழியும், ‘மாணவரிடையே பெருகிவரும் போதை’ என்று மேடையில் முழங்கிய உரைகளும் அந்த நம்பிக்கையைத்தான் வளர்த்திருக்கின்றன என்று நான் இப்போது கருதுகிறேன்.

மற்றொன்று மது. கழிப்பறைக்குப் பின்னால் கிடந்த பையையே நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். தாள்களில் அதற்குச் சமமாக மது இருந்தது. நோம்பி (ஊர்த் திருவிழா) இரவுகளிலும் கல்யாண வீடுகளிலும் அண்ணன் முறையானவர்களோ மாமன்களோ ‘ஒரு வாய் குடிச்சுப் பாரு’ என்று கொடுத்தது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் உறவுக்காரர் கையிலிருந்து வருவதை எந்தக் கடைச் சோதனையும் தடுக்காது.

ஆசிரியர்களுக்கான ஒரு தாள்

மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து உளவியலாளர் ஒருவரை வரவழைத்து, ஒரு மாலை இரண்டு மணி நேரம் ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் சத்துணவுப் பணியாளர்களும் தூய்மைப் பணியாளரும் உட்கார்ந்தோம். அவர் உரை நிகழ்த்தவில்லை. எங்களில் ஒருவரை மாணவராகவும் ஒருவரை ஆசிரியராகவும் வைத்துப் பேசவைத்தார். முதல் முயற்சியில் எங்களில் ஒருவராலும் மூன்று வாக்கியத்துக்குமேல் மிரட்டாமல் பேச முடியவில்லை என்பதை இங்கே பதிவுசெய்வது அவசியம். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் மிரட்டாமல் பேசுவது பழக்கத்தால்தான் வந்தது.

அந்தக் கூட்டத்தின் முடிவில் ஒரு பக்கத் தாள் ஒன்றை எழுதினோம். உடல்நலம் முதலில்: மயக்கம், வாந்தி, மூச்சுத் திணறல், நினைவு தடுமாற்றம் எதுவாயினும் 108 அல்லது அருகிலுள்ள சுகாதார நிலையம், விசாரணை பிறகு. பேசுவது தனி அறையில், இரண்டு பெரியவர்களுக்குமேல் வேண்டாம். அவர்களில் ஒருவர் மாணவர் நம்புகிறவராக இருக்க வேண்டும். படம் எடுக்கக் கூடாது. குழுவில் எழுதக் கூடாது. முதல் கேள்வி உடம்பைப் பற்றியது, இரண்டாவது எத்தனை நாளாக என்பது. யார் கொடுத்தது என்பதை அன்றே கேட்க வேண்டியதில்லை. பெற்றோரிடம் அன்றே சொல்ல வேண்டும், ஆனால் தொலைபேசியில் பொருளின் பெயரைச் சொல்லாமல் நேரில் வரச்சொல்லி. வீட்டில் அடி விழும் என்ற அச்சம் தெரிந்தால் 1098. மனநல உதவிக்கு 14416, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, புகையிலையை விடுவதற்கு 1800-11-2356. இந்த எண்களை எழுதும் முன் ஒவ்வொன்றையும் நாங்களே அழைத்துப் பார்த்தோம். எப்போது எடுக்கிறார்கள், தமிழில் பேசுகிறார்களா என்று தெரிந்துகொண்டபின்தான் தாளில் சேர்த்தோம். சுவரில் ஒட்டியிருந்த பழைய எண் ஒன்று வேலை செய்யவில்லை.

எதைக் கண்டால் சந்தேகப்படலாம் என்று நீண்ட பட்டியல் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். உளவியலாளர் மறுத்தார். எரிச்சல், தூக்கமின்மை, மதிப்பெண் சரிவு ஆகியவை பசிக்கும் இருக்கும், வீட்டுச் சண்டைக்கும் இருக்கும், இரத்தசோகைக்கும் இருக்கும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் வகுப்பே சந்தேகத்துக்கு ஆளாகும் என்றார். மாற்றம் தெரிந்தால் காரணம் கேளுங்கள், குற்றம் கேட்காதீர்கள் என்ற அளவில் அது நின்றது.

மாணவர்களோடு

கறுத்த நுரையீரல் படங்களை எடுத்துவிட்டோம். போதைத் தடுப்புக்காக ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2013-இல் வெளியிட்டு, உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2018-இல் திருத்திய வரையறைகள், பயமுறுத்துவதும் தகவலை மட்டும் அடுக்குவதும் முன்னாள் பயனாளரை மேடையேற்றிப் பேசவைப்பதும் பலன் தருவதில்லை என்கின்றன. அந்த ஆண்டு குடியிலிருந்து மீண்ட ஒருவரை அழைக்கும் எண்ணம் எங்களுக்கு இருந்தது, கைவிட்டோம்.

அக்டோபர் முதல் ஒன்பதாம் வகுப்பில் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கினோம். முதல் வாரத்தில் அவர்களுடைய தாள்களின் விடையையே கரும்பலகையில் எழுதினேன்: நீங்கள் நினைத்தது பாதிப் பேர், நீங்களே சொன்னது இவ்வளவுதான். வகுப்பில் சிறிது நேரம் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன், “அப்ப வெக்காதவங்கதான் ஜாஸ்தியா மிஸ்?” என்றான். அந்த ஆண்டு முழுவதும் நான் நடத்திய பாடங்களில் மாணவரைத் தொட்டது எது என்று கேட்டால் அந்தப் பாடவேளையைத்தான் சொல்வேன்.

அடுத்த வாரங்களில் மறுப்பதற்கான சொற்களை அவர்களே எழுதினார்கள். நான் எழுதிக்கொடுத்த ‘எனக்கு வேண்டாம், நன்றி’ என்பதை ஒருவரும் ஏற்கவில்லை. அப்படி யாரும் பேசுவதில்லை என்றார்கள், உண்மைதான். “பல்லு வலி, நாளைக்கு டாக்டர் வாயத் தொறக்கச் சொல்வாரு”, “பந்தயம் ஓடணும்டா, மூச்சு வாங்குது”, “எங்கம்மா மோந்து பாக்கும்” என்று அவர்களுக்கு வாய்ப்பான சொற்களை எழுதி, இருவர் இருவராகப் பேசிப் பழகினார்கள். நோம்பி வீட்டில் மாமனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கடினம். மூத்தவர் கையிலிருந்து வாங்காமலிருப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அதற்கு இரண்டு பாடவேளை போனது. முழு விடை கிடைத்ததாக நான் சொல்ல மாட்டேன்.

பெற்றோருக்கு

பள்ளியில் மாலை மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தபோது பதினான்கு தாய்மார்கள் வந்தார்கள். மேலாண்மைக் குழுவில் இருந்த தறித் தொழிலாளி ஒருவர் யோசனை சொன்னார்: இரவு வேலை முடியும் நேரத்தில் கூடத்துக்கே வாருங்கள் என்று. நவம்பரில் இரண்டு தறிக்கூடங்களில், உரிமையாளர்களின் இசைவோடு, காலை ஏழு மணிக்குத் தேநீரோடு கால் மணி நேரம் பேசினோம். தந்தையர் அங்கேதான் இருந்தார்கள். புகையிலையைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டியவர்கள், பிள்ளைக்கு விசேஷத்தில் மது கொடுப்பதைப் பற்றிச் சொன்னபோது தரையைப் பார்த்தார்கள். கூட்டம் முடிந்தபின் ஒருவர் என்னிடம் தனியே வந்து, தம் குடிக்கு எங்கே போய்க் கேட்பது என்று விசாரித்தார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு நாட்களை எழுதிக்கொடுத்தேன்.

விளைவு

வாந்தி எடுத்த முதல் மாணவன் அதற்குப் பின் தொடவில்லை என்று சொல்கிறான், நான் நம்புகிறேன். அவனுக்கு அது பழக்கமாகவே ஆகியிருக்கவில்லை.

இரண்டாம் மாணவனின் வழி நேராக இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு முறை ஆலோசனைக்குப் போனான். உடற்கல்வி ஆசிரியர் அழைத்துச் சென்றார். நிகோடினை விடும்போது முதல் சில நாட்கள் எரிச்சலும் கவனச் சிதறலும் மிகக் கடுமையாக இருந்து, பிறகு சில வாரங்களில் தணியும் என்று மருத்துவர் முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் அவன் வகுப்பை விட்டு எழுந்து மைதானத்தை ஒரு சுற்று நடந்துவர அனுமதி கொடுத்தோம். ஈறில் வெண்மையாகத் தடித்திருந்த இடத்தைப் பல் மருத்துவர் பார்த்து, விட்டுவிட்டால் மாறக்கூடியது என்று சொல்லிக் கண்காணிப்பில் வைத்தார். அது அவனுக்கு எங்கள் எல்லாருடைய பேச்சையும்விடப் பெரிய துணையாக இருந்தது. இரண்டு மாதம் தாக்குப்பிடித்தான். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வின்போது மீண்டும் தொட்டான். தேர்வு முடிந்த நாள் என்னிடம் வந்து, “மிஸ், மறுபடியும் வெச்சுட்டேன்” என்றான். யாரும் பிடிக்காமல், அவனே வந்து சொன்னான். ஆலோசனை மீண்டும் தொடங்கியது. ஆண்டு முடிவில் அவன் பத்தாம் வகுப்புக்குப் போனான். எப்போதாவது, தறிக்குப் போகும் விடுமுறை இரவுகளில், வைப்பதாகச் சொல்கிறான். தந்தை இரண்டு முறை சிகிச்சைக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த வகைப் பொருள் மாணவரிடையே பரவுவதைக் கடுமையாக எடுத்துக்கொண்டபோது, வேறு மாவட்டங்களிலும் இதே கதைதான் என்பது எங்களுக்குத் தெரியவந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தூய்மைப் பணியாளர் ஜூலையில் சொன்னதைக் கேட்டிருந்தால் ஆகஸ்டில் நடந்தது நடந்திருக்காது. அவர் இப்போது மன்றத்தின் மாதக் கூட்டத்தில் உட்காருகிறார். எங்கே எத்தனை பைகள் கிடந்தன என்று தேதியோடு சொல்கிறார். தலைமை ஆசிரியர் அதைக் குறித்துக்கொள்கிறார். எந்த ஆய்வைவிடவும் அந்தக் குறிப்பு எங்களுக்கு விரைவாக நிலவரம் காட்டுகிறது.

புத்தகப் பைகளை வகுப்பின் முன் சோதிப்பது இனி இல்லை. ஒரு மாணவரிடம் இருப்பதாக உறுதியான காரணம் இருந்தால் மட்டும், தனியே, அவர் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லலாம். மாணவியரை நாங்கள் ஏறக்குறைய மறந்தே இருந்தோம். தாள்களில் அவர்களும் வட்டமிட்டிருந்தார்கள், ஆனால் அந்த ஆண்டில் ஒரு மாணவிகூட உதவிக்கு வரவில்லை. அவர்கள் நம்பிப் பேசக்கூடியவர் யார் என்பதை முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியது காலம் கடந்த செயல். ஏழாம் வகுப்பு விடுமுறையிலேயே அவனுக்குத் தொடக்கம். ஆகவே வாரப் பாடவேளை ஆறாம் வகுப்புக்கு இறங்க வேண்டும். கோடை விடுமுறைக்கு முன்பே தறிக்கூடங்களில் பேசுவதும் அவசியம், ஏனெனில் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 அன்று பள்ளியில் பிள்ளைகளே இருப்பதில்லை.

இன்னொன்றை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அடுத்த கோடையில் நடந்த இடமாறுதல் கலந்தாய்வில் உடற்கல்வி ஆசிரியரும் கணக்காசிரியரும் வேறு பள்ளிகளுக்குப் போனார்கள். மருத்துவமனையில் யாரைப் பார்ப்பது, எந்தக் கிழமை, பையனோடு பேருந்தில் என்ன பேசிக்கொண்டு போவது என்பதெல்லாம் உடற்கல்வி ஆசிரியரோடு போய்விட்டன. ஒரு பக்கத் தாளில் அவை இல்லை. புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியரை ஜூன் மாத இரண்டாம் வாரம் அந்தப் பையனோடு நானே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அடுத்த வாரம் அவர்கள் இருவர் மட்டும் போனார்கள்.